பின்குவியச் சோர்வு

வீடியோ கேமராவைத் தானாகவே கொண்டுபோய் அரசாங்கத்திடம் காட்டியவர் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். அவர் உத்தமபாளையம் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த சம்சுதீன்.

அது 1985. வீடியோ கேமரா வைத்திருப்பவர்கள் முப்பது நாளைக்குள் தேனியில் உள்ள பதிவு அலுவலகத்துக்குக் கருவியோடு வர வேண்டும் என்று பேப்பரில் அறிவிப்பு வந்தது. போடியிலும் கம்பத்திலும் கேமரா வைத்திருந்த மற்ற மூன்று பேர் அன்றைக்கே அதைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, கேமராவா, எங்களிடமா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சம்சுதீன் அப்படிச் செய்யவில்லை. துபாயிலிருந்து மச்சான் கேமராவைக் கொண்டுவந்தபோது விமான நிலையத்தில் கொடுத்த சுங்க ரசீதை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு ஸ்டுடியோவில் மாட்டியிருந்தார். இன்னொரு ரசீது கிடைத்தால் அதையும் பக்கத்தில் மாட்டலாம் என்ற எண்ணத்தில்தான் பஸ் ஏறினார்.

அலுவலகம் ஒரு பருத்திக் கிட்டங்கிக்கு மேலே மாடியில் இருந்தது. 'ஒளிநாடாக் கருவிகள் பதிவு மற்றும் கலைச்சொல் நடைமுறைப் பிரிவு' என்று பலகை. பலகையைப் படித்து முடிப்பதற்குள் படி ஏறி முடிந்துவிட்டது. உள்ளே பதிவு அலுவலர் அய்யாத்துரை இருந்தார். சம்சுதீன் பெட்டியைத் திறந்து கேமராவை மேசைமேல் வைத்ததும் அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"இதுதானா அது?"

"ஆமாங்க சார்."

"பதிவாயிருச்சா?"

"பதியத்தான் சார் வந்திருக்கேன்."

"அப்பப் பதிவாகாத கருவி. வெளியே இருக்கக்கூடாது." அய்யாத்துரை மணி அடித்தார். பியூன் மொக்கைச்சாமி வந்து, கேமராவைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி, இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, பூட்டின்மேல் அரக்கு முத்திரை வைத்தார். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அந்த அலுவலகத்தில் இரண்டு நிமிடத்தில் முடிந்த கடைசி வேலை அதுதான்.

"படிவத்தை எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்கிறலாமா சார்?"

"தாராளமா. இருபத்திரண்டு கேள்வி. எல்லாம் தமிழ்லதான் நிரப்பணும். ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருந்தாலும் தள்ளுபடி." அய்யாத்துரை ஒரு தடித்த புத்தகத்தைத் தட்டிக்காட்டினார். "சொல்லெல்லாம் இதுல இருக்கு. எங்க இயக்குநர் உண்டாக்கினது. புத்தகத்தை வெளியே தர்றதில்லை. இங்கனயே உட்கார்ந்து பார்த்துக்கலாம்."

சம்சுதீனுக்கு அவசரம் இருந்தது. கம்பத்தில் அவருடைய பெரியப்பா மகள் கைருன்னிசாவின் மகள் ஆசியாவுக்கு இன்னும் இருபத்தைந்து நாளில் நிக்காஹ். பெண்ணின் அத்தா, அதாவது தகப்பனார், உமர் பாருக் சவூதியில் தம்மாமில் இருந்தார். ஆறு வருடமாக ஊர் வரவில்லை. இந்த முறையும் அரபி முதலாளி லீவு கொடுக்கவில்லை. கடிதம் எழுதியிருந்தார்: கல்யாணத்தை வீடியோ எடுத்து அனுப்புங்கள், மற்றது எப்படி இருந்தாலும் சரி, பிள்ளை முகத்தை மட்டும் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள் என்று.

"அதென்னமோ பொத்தானை அமுக்கினா முகம் கிட்டக்க வருமாமே தம்பி, அதை மட்டும் விட்றாத," என்று கைருன்னிசா சொல்லியிருந்தார். "போட்டோவுல பார்த்துப் பார்த்து அவுகளுக்குப் பிள்ளை இன்னும் பாவாடை கட்டிக்கிட்டுத்தான் நிக்கிது."

படிவத்தின் நாலாவது கேள்வி, 'வில்லை உண்டா? இல்லையா?' என்பது.

சம்சுதீனுக்குத் தெரிந்த வில்லைகள் மாத்திரையும் சவுக்காரமும்தான். கேமராவுக்குள் அந்த இரண்டுமே கிடையாது. யோசித்துப் பார்த்து, 'இல்லை' என்று எழுதினார்.

அய்யாத்துரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "வில்லை இல்லையா?"

"இல்லைங்க சார்."

"வில்லை இல்லைண்டா படமே விழாதே. அப்ப நீங்க கருவியைப் பதிவு செய்ய வரலை, பெட்டியைப் பதிவு செய்ய வந்திருக்கீக."

புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். 'வில்லை: ஒளி ஊடுருவும் குவி அல்லது குழி வடிவ வில்லை' என்று போட்டிருந்தது. மூன்றாம் முறை படித்தபோதுதான் சம்சுதீனுக்கு உறைத்தது.

"லென்ஸா சார்?"

"அந்த வார்த்தையை இந்த மாடியில சொல்லக்கூடாது," என்றார் அய்யாத்துரை.

அதற்குப் பிறகு சம்சுதீன் ஒரு வழி கண்டுபிடித்தார். கேமராவில் என்னென்ன இருக்கிறது என்று தனக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக்கொள்வது, புத்தகத்தில் உள்ள சொற்களை அதன் எதிரில் வைத்துப் பார்ப்பது, எது எதற்குப் பொருந்துகிறதோ அதைக் கோடு போட்டுச் சேர்ப்பது. பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கு அவருக்கு வராது. இப்போது வந்தது. ஜூம் என்பது 'அண்மைச் சேய்மை இயக்கம்' ஆக இருந்தது. ஒயிட் பேலன்ஸ் 'வெண்மைச் சமன்பாடு' ஆக இருந்தது. வெள்ளைத் தாளைக் கேமராவுக்கு முன்னால் காட்டி, இதுதான் வெள்ளை என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று அவர் விளக்கியபோது அய்யாத்துரைக்கு மனம் ஒப்பவில்லை. இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பெரிய சொல்லை இயக்குநர் உண்டாக்கியிருக்க மாட்டார் என்றார்.

ஏழாவது கேள்வியில் சிக்கல் வந்தது. 'விழிப்படலத்தின் நிலை யாது? உரிய அரசு அதிகாரியின் சான்று இணைக்க.'

ஐரிஸைத்தான் கேட்கிறார்கள் என்பது சம்சுதீனுக்குத் தெரிந்துவிட்டது. கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் போகலாம் என்று விரிந்தும் சுருங்கியும் கொடுக்கிற துவாரம் அது. நிலை நன்றாக இருக்கிறது என்று எழுதினார்.

"நீங்க சொன்னாப் போதாது. விழிக்கு உரிய அரசு அதிகாரி யாரு? கண் டாக்டர். அவுககிட்ட வாங்கிட்டு வாங்க."

"சார், இது கேமராவுல இருக்கிற..."

"விழிப்படலம்ண்டு போட்டிருக்கா இல்லையா?"

போட்டிருந்தது. பதிவாகாத கருவி தனியே வெளியே போகக்கூடாது என்பதால் மொக்கைச்சாமி காவலாக வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் தலை நிமிராமல் பெயர் கேட்டார். மொக்கைச்சாமி உண்மை பேசுகிறவர். "வீடியோ கேமரா" என்றார். வயது ஒன்றரை. தகப்பனார் பெயர் சம்சுதீன். சீட்டு வந்தது. இரண்டு மணி நேரம் வரிசையில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், பிள்ளைக்கு எந்தக் கண்ணில் கோளாறு என்று விசாரித்தார். ஒரு கண்தான் என்றார் மொக்கைச்சாமி. அந்த அம்மாள் வருத்தப்பட்டார்.

கண் டாக்டர் ஜெபமணி அன்று காலையிலிருந்து நூற்றுப்பத்துப் பேரைப் பார்த்திருந்தார். சீட்டைப் படித்தார், கேமராவைப் பார்த்தார், சம்சுதீனைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. சம்சுதீன் கேமராவை ஓடவிட்டதும் டார்ச்சை எடுத்து லென்சுக்குள் அடித்தார். உள்ளே துவாரம் சுருங்கியது. அணைத்தார். விரிந்தது. மறுபடி அடித்தார். மறுபடி சுருங்கியது.

"நம்ம கண்ணுல நடக்கிறதேதான்," என்றார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு மலர்ச்சி வந்தது. "யாரு செஞ்சது இதை? நல்லாச் செஞ்சிருக்காகளே."

பிறகு தாளை இழுத்து எழுதினார்: 'நோயாளிக்கு ஒரு கண். ஒளிக்கு உடனே சுருங்குகிறது. புரை இல்லை. கண்ணாடி தேவையில்லை.' முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, "அடுத்த ஆளு" என்றார்.

இந்தச் சான்று அலுவலகத்தில் நல்ல பெயர் வாங்கியது. கோப்பில் இதுவரை வந்தவற்றில் தெளிவான சான்று இதுதான் என்று அய்யாத்துரையே சொன்னார். பிறகு ஒன்பதாவது கேள்வியைக் காட்டினார். 'குவியத் தூரம் எவ்வளவு? அளந்து சான்றளிக்கப்பட வேண்டும்.'

"சார், அது கண்ணாடிமேலயே எழுதியிருக்கு. ஒன்பதுலருந்து ஐம்பத்து நாலு மில்லிமீட்டர். ஒன்பதுல வச்சா மண்டபம் முழுக்கத் தெரியும். ஐம்பத்து நாலுல வச்சா ஒரு முகம் மட்டும் தெரியும்."

"விக்கிறவன் எழுதினதை நம்பி அரசாங்கம் நடக்கிறதா? தூரம்ண்டா அளக்கிறவுக சர்வேயர்தான்."

சர்வேயர் ஒச்சாண்டி நாலு நாள் கழித்து, கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த பொட்டலுக்கு வந்தார். கேமராவைக் கல்மேல் வைத்து, நிலம் அளக்கும் சங்கிலியின் ஒரு நுனியை மொக்கைச்சாமியிடம் கொடுத்தார். ஒரு சங்கிலிக்குக் கீழே எங்கள் துறையில் தூரமே கிடையாது, மில்லிமீட்டரெல்லாம் வரப்புத் தகராறில்கூட வருவதில்லை என்று சொல்லிவிட்டு, லென்ஸ் வளையத்தில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். கடைசியில் நின்றார்.

"இங்கன எட்டு படுத்துக்கெடக்கு."

"அது எட்டு இல்லைங்க. முடிவே இல்லாத தூரம்ண்டு அர்த்தம். மலை, வானம் மாதிரி ரொம்ப தூரத்துல இருக்கிறதை எடுக்கணும்ண்டா அதுல வைக்கணும்."

ஒச்சாண்டி சங்கிலியைக் கீழே போட்டார். "முடிவில்லாத தூரத்தை நான் எப்படி அளக்கிறது? என் எல்லை குமுளி வரைக்குந்தான். அதுக்கு அங்கிட்டு கேரளா. நான் சங்கிலியோட போனாப் பிடிச்சு வச்சுக்கிருவாக." மலையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுதினார்: 'மேற்படி கருவியின் தூரம் மாநில எல்லை வரை சரிபார்க்கப்பட்டது. எஞ்சிய தூரத்துக்குக் கேரள அரசுக்கு எழுதிக் கேட்கலாம்.'

அய்யாத்துரை எழுதிக் கேட்டார்.

நிக்காஹுக்கு ஒரு வாரம் இருந்தது. கேரளாவிலிருந்து பதில் வரவில்லை. சம்சுதீன் தினமும் காலை பஸ்ஸில் தேனிக்கு வந்து, பீரோவுக்கு எதிரில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்துவிட்டு, மாலை பஸ்ஸில் திரும்பினார். கல்யாண வீட்டில் கைருன்னிசா எதிரே வந்து நிற்பார். டீயைக் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

வியாழக்கிழமை அய்யாத்துரையே அவரை மேசைக்குக் கூப்பிட்டார். குரலில் ஒரு மரியாதை இருந்தது.

"வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம கலைச்சொல் புத்தகத்துக்கு வெளியீட்டு விழா. மெட்ராஸ்லருந்து இயக்குநர் பலவேசம் அய்யா வர்றாக. விழாவை ஒளிநாடாவுல எடுக்கணும்ண்டு உத்தரவு. இந்தச் சுத்துவட்டாரத்துல கேமரா, அதாவது கருவி, உங்க ஒருத்தர்கிட்டதான் இருக்கு."

"என்கிட்ட இல்லைங்க சார். உங்ககிட்ட இருக்கு."

அய்யாத்துரை அதையும் யோசித்து வைத்திருந்தார். தட்டச்சு செய்த ஆணையை நீட்டினார். 'விழா தொடங்கி முடிவுறும் வரை கருவி உரியவர் வசம் இருக்கலாம்.'

"ஞாயித்துக்கிழமை கம்பத்துல என் அக்கா மக நிக்காஹ் சார். பதினொன்றரைக்கு. நான் ஒன்பதே முக்காலுக்கெல்லாம் கிளம்பணும்."

"விழா ஒன்பது மணிக்கு. முழுசா எடுக்கணும். பாதியில போனா கருவியை அங்கனயே வாங்கி மறுபடி பூட்டிருவோம்," என்றார் அய்யாத்துரை, கோபமில்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை விழா ஒன்பதரைக்குத்தான் தொடங்கியது. மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள், எல்லாரும் அலுவலகங்களிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். சம்சுதீன் கையில் ஒரே ஒரு கேசட், மூன்று மணி நேரத்தது. பேட்டரியும் ஒன்றுதான். கேமராவைத் தோளில் வைத்து ஓடவிட்டார். இயக்குநர் பலவேசம் ரோஜா மாலையோடு ஒலிபெருக்கி முன்னால் வந்தார். மாலையைக் கழற்றவில்லை.

"வெளிநாட்டான் இந்தக் கருவியைச் செய்ய நூறு ஆண்டு எடுத்துக்கொண்டான். நாம் ஒரே கூட்டத்தில், மதிய உணவுக்கு முன்பே, அதற்குப் பதினேழு பெயர் வைத்தோம். இந்தச் சொற்கள் மக்களுக்குப் புரியவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். புரிந்துவிட்டால் அது கலைச்சொல் அல்ல, வெறும் சொல். சந்தையில் கிடைக்கும். இன்னும் ஒன்று. இந்தக் கருவியை நான் இன்றுவரை தொட்டதில்லை. பக்கத்தில் போனதுமில்லை. பொருளைப் பார்த்துவிட்டால் சொல்லில் நடுநிலை கெட்டுவிடும். என் குழுவில் ஒருவர் பொருளைப் பார்த்துவிட்டார். அவரை மாற்றிவிட்டோம்."

கைதட்டினார்கள். மணி பத்தைத் தாண்டியது. இயக்குநர் முன்னுரையை முடித்துவிட்டு, முதற் பகுதி என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டினார். வ்யூ ஃபைண்டரில் பேட்டரி அளவு குறைந்துகொண்டிருந்தது. கம்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆசியா அந்நேரம் பச்சைப் பட்டு உடுத்தி உட்கார்ந்திருப்பாள். தம்மாமில் ஒரு மனிதர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

இருபத்தைந்து நாள் அந்தப் புத்தகத்தோடு குடியிருந்ததில் சம்சுதீனுக்கு ஒன்று புரிந்திருந்தது. அங்கே யாரும் எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் கேட்பதில்லை. கேட்டவன் தெரியாதவன் ஆகிவிடுவான். அவர் கேமராவைத் தோளிலிருந்து இறக்கினார்.

அய்யாத்துரை ஓடி வந்தார். "என்ன, ஏன் நிப்பாட்டிட்டீக?"

சம்சுதீன் மேடைக்குக் கேட்கும்படி சொன்னார்: "ஐயா, கருவிக்குப் பின்குவியச் சோர்வு கண்டுவிட்டது."

அப்படி ஒரு சொல் புத்தகத்தில் கிடையாது. அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது. அய்யாத்துரை இயக்குநரைப் பார்த்தார். நாற்பது பேரும் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"முன்பே இருந்ததா, இப்போதுதானா?"

"இப்போதுதான் ஐயா."

"மிதமானதா, கடுமையா?"

"கடுமை ஐயா."

இயக்குநர் தலையை மெல்ல ஆட்டினார். "எதிர்பார்த்தேன். இந்த மண்டபம் புழுக்கம். பின்குவியச் சோர்வுக்குக் காற்றோட்டம்தான் வழி. உடனே திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள்."

"கம்பம் பக்கம் காத்து நல்லா இருக்குமுங்க ஐயா."

"நல்ல தேர்வு," என்றார் இயக்குநர். "விழாவை நிறுத்த வேண்டாம். நான் பேசிக்கொண்டிருக்கிறேன்."

மொக்கைச்சாமியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தார். சின்னமனூர் தாண்டும்வரை சம்சுதீன் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கம்பத்தில் அவர் உள்ளே நுழைந்தபோது நிக்காஹ் நடத்தும் ஹஜ்ரத் உட்கார்ந்துவிட்டார். கேசட்டை முதலுக்குச் சுற்ற நேரமில்லை. சுற்றினால் இருக்கிற பேட்டரியையும் அது தின்றுவிடும். கேசட்டில் இயக்குநர் பேச்சு நின்ற இடத்திலிருந்தே ஓடவிட்டார். நிக்காஹ் முடிந்ததும் கைருன்னிசா அவர் கையைப் பிடித்துப் பெண்கள் பக்கம் அழைத்துப்போனார். "மாமு வந்திருக்குடி, நிமிரு," என்றார்.

சம்சுதீன் பொத்தானை அமுக்கினார். அறை விலகியது, ஆட்கள் விலகினார்கள், ஆசியாவின் முகம் மட்டும் கிட்டத்தில் வந்தது. கொஞ்சம் மங்கலாக இருந்தது. வளையத்தைத் திருப்பினார். கண் இமை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் லென்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டீகளா?" என்றாள்.

அத்தோடு பேட்டரி போய்விட்டது.

திங்கட்கிழமை காலை சம்சுதீன் கேமராவோடு தேனி மாடியில் நின்றார். ஓடி ஒளியத் தோன்றவில்லை. அய்யாத்துரை கேமராவை வாங்கவில்லை. நேற்று இயக்குநர் மூன்றாம் பகுதியில் இருந்தபோது மதியம் இரண்டரைக்குக் கரண்டு போய்விட்டது, கூட்டம் சாப்பிடப் போனது திரும்பவில்லை, நன்றியுரை நடக்கவில்லை. ஆணையை எடுத்து அவர் விரலால் காட்டினார். நன்றியுரை இல்லாமல் விழா முடிந்ததாகக் கொள்ள முடியாது. விழா முடியாமல் கருவியைத் திரும்ப வாங்க அவருக்கு அதிகாரம் இல்லை.

"அப்ப எப்ப முடியும் சார்?"

"இயக்குநருக்கு எழுதியிருக்கோம்."

"எடுத்த கேசட்டு?"

"அதுவும் உங்ககிட்டயே இருக்கட்டும். போட்டுப் பார்க்கிற கருவி எங்ககிட்ட இல்லை. அதுக்கு இன்னும் பேர் முடிவாகலை. பேர் இல்லாததை வாங்க முடியாதே."

விழா நான்கு வருடமாக நடந்துகொண்டிருந்தது. அதற்குள் சம்சுதீன் முந்நூறு கல்யாணம் எடுத்துவிட்டார். கலைச்சொல் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பும் வந்தது. அதில் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில், 'பின்குவியச் சோர்வு: குவியத்தின் பின்புறத்தே தோன்றும் சோர்வு. காற்றோட்டத்தால் நீங்கும்' என்று இருந்தது. புதுப் படிவத்தில் அதற்கும் ஒரு கேள்வி சேர்த்திருந்தார்கள்.

ஆனால் கேசட் மட்டும், கல்யாணம் முடிந்த மறு வாரமே, தம்மாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் கையில் போய்ச் சேர்ந்தது. ஒரு மாதம் கழித்து உமர் பாருக்கிடமிருந்து கடிதம் வந்தது. கைருன்னிசா சம்சுதீனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டினார்.

'பிள்ளை முகம் வந்ததும் ரூமில் இருந்த பன்னிரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சாப்பிட்டீகளா என்று கேட்டதுக்கு நான் சாப்பிட்டேன் என்று டிவியைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. தினம் வேலை விட்டு வந்து ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன். முதலில் ஒருவர் ரோஜா மாலையோடு முக்கால் மணி நேரம் பேசுகிறாரே, அவர் மாப்பிள்ளைக்கு என்ன முறை? ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இங்கே எல்லாரும், பெரிய இடத்துச் சம்பந்தம், கொடுத்து வைத்தவன் என்று சொல்கிறார்கள். ஊருக்கு வரும்போது அவர் வீட்டுக்குப் போய் ஒரு சலாம் சொல்ல வேண்டும்.'

கைருன்னிசா கடிதத்தை மடித்தார். "அவுகளுக்கு என்னண்டு தம்பி எழுத?"

"தூரத்துச் சொந்தம்ண்டு எழுதுங்க அக்கா."